தாட்பூட் கொடி: பூத்த பிறகு வருகிற சந்தேகங்கள்

எங்கள் வீடு திண்டுக்கல் பக்கம். கிழக்குச் சுவரையொட்டி மூன்று தாட்பூட் கொடிகள் பந்தலில் கிடக்கின்றன. வருடா வருடம் ஆடி மாதம் நாற்றுப் போட்டு, கேட்கிறவர்களுக்குக் கொடுப்பேன். வாங்கிப்போனவர்கள் எட்டு, பத்து மாதம் கழித்துக் கூப்பிடுவார்கள். "செடி காடு மாதிரி வளர்ந்திருக்கு, பூவும் கொட்டுது, ஒரு காய்கூட நிக்கல." பத்துப் பேரில் ஏழு பேருடைய சந்தேகம் இதுதான். மற்றவையும் சுற்றிச் சுற்றி அதே கேள்விகள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

தாட்பூட் பழமும் பேஷன் ஃப்ரூட்டும் ஒன்றா? என் இலங்கைத் தோழி கொடித்தோடை என்கிறாள், அது வேறா?

மூன்றும் ஒன்றுதான். கொடைக்கானல், தாண்டிக்குடிப் பக்கம் தாட்பூட் என்றால்தான் தெரியும். இலங்கைத் தமிழர்கள் கொடித்தோடை என்பார்கள். தோடை என்றால் ஆரஞ்சு. கொடியில் காய்க்கும் புளிப்புப் பழம் என்பதால் பொருத்தமான பெயர். செடியின் சொந்த ஊர் தென் அமெரிக்கா, அதாவது தெற்கு பிரேசில், பராகுவே, வடக்கு அர்ஜென்டினா.

பேஷன் என்பதைப் பலர் நாகரிகம் என்றோ மோகம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே அது இயேசுவின் திருப்பாடுகளைக் குறிக்கும் சொல். தென் அமெரிக்காவுக்குப் போன ஐரோப்பியப் பாதிரியார்கள் இந்தப் பூவின் நடுவில் இருக்கும் இழை வட்டத்தை முள்முடியாகவும், மகரந்தத்தை ஏற்கும் மூன்று சூல்முடிகளை மூன்று ஆணிகளாகவும், ஐந்து மகரந்தப்பைகளை ஐந்து காயங்களாகவும் பார்த்தார்கள். வடநாட்டில் இதே குடும்பத்துப் பூவைக் கிருஷ்ண கமலம் என்கிறார்கள். அங்கே அந்த ஐந்தும் பாண்டவர்கள், சுற்றியுள்ள இழைகள் கௌரவர்கள். ஒரு பூவை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இரண்டு கதையும் ஏன் தோன்றின என்று உடனே புரியும்.

இது மலைப்பயிர்தானே? எங்க ஊர் வெயிலுக்கு வருமா?

ஊதா நிறப் பழம் குளிர்ந்த இடத்தை விரும்பும். கொடைக்கானல், நீலகிரி, ஏற்காட்டில் அதுதான் நன்றாக வருகிறது. மஞ்சள் பழம் சமவெளிக்கானது. வெயிலைத் தாங்கும், வேர் நோயையும் ஓரளவு தாங்கும், பழமும் பெரியது. புளிப்பு மட்டும் தூக்கலாக இருக்கும். இரண்டையும் கலந்து குடகில் உள்ள செட்டள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியது காவேரி என்ற ரகம்.

சமவெளியில் இருப்பவர்கள் மஞ்சளையோ காவேரியையோ வையுங்கள். என்னுடையவை மஞ்சள் ரகம். சித்திரை, வைகாசி வெயிலில் பூ குறைந்துவிடும் அல்லது நின்றேவிடும். அதைப் பார்த்துப் பயந்து உரத்தைக் கொட்ட வேண்டாம், வெயில் தணிந்ததும் தானாகவே பூக்கும். இனி வரும் பதில்களில் பெரும்பாலும் மஞ்சள் ரகத்தை வைத்தே சொல்கிறேன்.

விதை போடலாமா, குச்சி நடலாமா?

இரண்டும் வரும். விதை என்றால் பழுத்து விழுந்த பழத்திலிருந்து எடுத்து, சதையைத் துணியில் தேய்த்துக் கழுவி, காயவைத்துச் சேர்த்து வைக்காமல் உடனே போடுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளைக்கும். பழைய விதை முளைப்பது சந்தேகம். குச்சி என்றால் பென்சில் தடிமனில், மூன்று கணு இருக்கும்படி முற்றிய தண்டாக வெட்டி, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி நிழலில் வைக்க வேண்டும். குச்சியில் வந்த செடி கொஞ்சம் சீக்கிரம் பூக்கும்.

ஆனால் மஞ்சள் ரகம் வைக்கிறவர்களுக்கு விதையைத்தான் சொல்வேன். காரணம், காய் நிற்காத கேள்விக்கான பதிலில் வருகிறது.

மாடியில் தொட்டியில் வைக்கலாமா? எவ்வளவு பெரிய தொட்டி?

வைக்கலாம், சின்னத் தொட்டியில் வேண்டாம். பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக வெட்டினால் எவ்வளவு மண் பிடிக்குமோ அவ்வளவாவது வேண்டும். அடியில் ஆறேழு துளை இருக்கட்டும். செம்மண், மக்கிய சாணம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம அளவு, கூடவே இரண்டு கை வேப்பம்பிண்ணாக்கு. இந்தக் கொடியின் வேர் ஆழம் போகாது, மேலாகத்தான் பரவும். அதனால் ஆழமான தொட்டியைவிட அகலமான தொட்டி நல்லது. மேல்மண்ணில் காய்ந்த இலையைப் பரப்பி மூடிவிடுங்கள்.

இடம் இருந்தால் தரையில் நட்டு மாடிக்கு ஏற்றுவதுதான் நல்ல வழி. ஒரே வருடத்தில் முதல் மாடியைத் தாண்டிவிடும்.

எதில் ஏற்றுவது? சுவரில் தானாகப் பிடித்துக்கொள்ளுமா?

சுவரில் பிடிக்காது. இலைக்கணுவிலிருந்து வரும் பற்றுக்கம்பி எதையாவது சுற்ற வேண்டும், விரல் தடிமனுக்கு மேல் இருந்தால் அதற்குச் சுற்ற வராது. ஜிஐ கம்பியோ நைலான் வலையோ கட்டுங்கள். பற்றுக்கம்பி நுனி கம்பியைத் தொட்ட அன்றே வளைய ஆரம்பிக்கும். அப்புறம் நடுப்பகுதி ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கொடியையே இழுத்துக் கட்டிவிடும்.

பந்தல் உயரம் வரும்வரை ஒரே தண்டாக விடுங்கள், பக்கக்கிளைகளைக் கிள்ளிவிடுங்கள். பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் இரண்டு பக்கமும் கை பிரியும். அந்தக் கைகளிலிருந்து வரும் கிளைகள் திரைச்சீலை மாதிரி கீழே தொங்கட்டும். பூ வருவது அந்தத் தொங்கும் புதுக்கிளைகளில்தான். பந்தல் பலமாக இருக்க வேண்டும். பாகற்கொடிக்குப் போடும் பந்தல் இதற்குப் போதாது. மழையில் நனைந்த கொடி நிறையக் கனக்கும். ஐப்பசி மழையில் எங்கள் முதல் பந்தல் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

எவ்வளவு தண்ணீர், என்ன உரம்?

மண் ஈரமாக இருக்க வேண்டும், தேங்கக் கூடாது. மாதம் ஒருமுறை மண்புழு உரமோ புளித்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலோ போதும். இலை கரும்பச்சையாகச் செழித்துப் பூவே இல்லை என்றால் தழைச்சத்து அதிகமாகிவிட்டது. சாணத்தை நிறுத்திவிட்டு மரச்சாம்பல் கொஞ்சம் போடுங்கள்.

எத்தனை மாதத்தில் பூக்கும்?

குச்சி என்றால் ஆறிலிருந்து ஒன்பது மாதம். விதை என்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு மாதம். பந்தலில் நாலைந்து மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். நிழலில் இருக்கும் கொடி இலையாகவே ஓடும்.

பூ நிறைய வருது, மறுநாளே உதிர்ந்துடுது. ஒரு காய்கூட நிக்கல. என்ன குறை?

முதல் கேள்வி நான் கேட்பது, எத்தனை செடி வைத்திருக்கிறீர்கள்? ஒன்று என்றால் அதுதான் காரணமாக இருக்கும். மஞ்சள் ரகம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறொரு செடியின் மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்கும். ஒரே கொடியிலிருந்து பத்துக் குச்சி வெட்டி நட்டாலும் அவை பத்தும் ஒரே செடிதான், ஒன்றுக்கொன்று உதவாது. விதை போடச் சொன்னது இதனால்தான். ஒவ்வொரு விதையும் தனிச் செடி. இரண்டு நாற்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் போவதுண்டு, அதனால் மூன்றாக வையுங்கள். இடம் போதாதென்றால் மூன்றையும் ஒரே பந்தலில் ஏற்றலாம். ஊதா ரகத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அது தன் மகரந்தத்திலேயே காய்க்கும்.

மூன்று செடி இருந்தும் காய் இல்லையென்றால், மகரந்தத்தைக் கொண்டுசேர்க்க ஆள் இல்லை என்று அர்த்தம். பூவை நெருங்கிப் பாருங்கள். நடுவில் ஒரு சிறு தூண் நிற்கும். அதில் ஐந்து மகரந்தப்பைகள் கீழ்நோக்கித் தொங்கும், அதற்கும் மேலே மூன்று சூல்முடிகள். தேன் இருப்பது தூணின் அடியில், இழை வட்டத்துக்குள் மூடினாற்போல. அடியில் தேன் குடிக்கும் பூச்சியின் முதுகு மேலே தொங்கும் மகரந்தப்பையில் உரச வேண்டும். அதற்குப் பெரிய உடம்பு வேண்டும். அந்த அளவுக்குப் பொருந்துவது கருவண்டு, மரத்தைத் துளைத்துக் குடியிருக்குமே, அதுதான். பெயரில்தான் வண்டு, பிறப்பில் அது தேனீ.

அது பூவில் வந்து உட்காருவதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பூ ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தலையை இழைகளுக்குள் நுழைத்துக்கொண்டு தூணைச் சுற்றி வட்டமாக நகர்ந்து குடிக்கும். சுற்றி முடித்துப் பறக்கும்போது கறுப்பு முதுகில் மஞ்சள் பட்டையாக மகரந்தம் தெரியும். அடுத்த கொடியின் பூவில் சூல்முடி வளைந்து இறங்கி அதே முதுகைத் தொடும். இவ்வளவு நடந்தால்தான் ஒரு பழம். இதைப் பார்த்த பிறகு நான் இந்தக் கொடிக்குச் செய்யும் வேலையில் பாதி வண்டுக்குச் செய்யும் வேலையாக மாறிவிட்டது.

தேனீ கூட்டம் கூட்டமா வருதே, அது போதாதா?

போதாது. அடுக்குத் தேனீயோ கொசுத்தேனீயோ நேராக மகரந்தப்பையில் உட்கார்ந்து மாவை வாரிக்கொண்டு போய்விடும். உடம்பு சின்னது என்பதால் சூல்முடியைத் தொடாமலேயே வந்த வேலை முடிந்துவிடும். அதிகமாக வந்தால் கருவண்டுக்கு மகரந்தம் மிஞ்சாமல்கூடப் போகும். அதற்காகத் தேனீயை விரட்டச் சொல்லவில்லை. அவை முருங்கைக்கும் எலுமிச்சைக்கும் வேண்டும். இந்தப் பூவுக்கு மட்டும் அவற்றை நம்பியிருக்க முடியாது.

அந்த வண்டு பெரிய சத்தத்தோட வருது, பயமா இருக்கு. கொட்டுமா? வீட்டில் குழந்தைகள் இருக்காங்க.

முகத்துக்கு நேரே வந்து நின்று ரீங்காரம் போடுவது ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. தன் இடத்துக்குள் யார் வந்தது என்று பார்க்கிறது, அவ்வளவுதான். எங்கள் பக்கம் உடம்பு முழுக்க மஞ்சள் ரோமத்தோடு ஒன்று வரும். அதை வேறு பூச்சி என்று நினைப்பார்கள். அது நெஞ்சில் மஞ்சள் போர்த்திய கறுப்புப் பெண் வண்டின் ஆண். பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு, ஆனால் கையால் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். குளவி மாதிரி கூட்டமாக வந்து துரத்தாது. என் பேத்திக்கு ஐந்து வயது. பந்தலடியில் உட்கார்ந்து வண்டு எண்ணுவது அவளுக்குச் சாயங்கால வேலை. இதுவரை ஒன்றும் ஆனதில்லை.

எங்க தெருவில் கருவண்டே இல்லை. எப்படி வரவைக்கிறது?

இரண்டு விஷயம் வேண்டும், வீடும் சாப்பாடும்.

வீடு என்றால் காய்ந்த மரம். முருங்கையோ அகத்தியோ பட்டுப்போனால் விறகாக்காமல் ஆள் உயரத்துக்குக் கட்டையை விட்டுவையுங்கள். பெயின்ட் அடித்த மரத்தை வண்டு அவ்வளவாகத் தொடாது. மூங்கிலும் நல்லது. உள்துளை ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும் காய்ந்த மூங்கிலை, ஒரு பக்கம் கணு மூடியிருக்கும்படி ஒரு சாண் துண்டுகளாக வெட்டி, பத்துப் பன்னிரண்டைச் சேர்த்துக் கட்டி, மழை படாத இடத்தில் படுக்கைவாட்டில் தொங்கவிடுங்கள். பிரேசிலில் இந்தப் பழத்தைத் தொழிலாகப் பயிரிடுகிறார்கள். உலகத்திலேயே அதிகம் விளைவதும் அங்கேதான். அங்கும் தோட்டத்தில் இதே வண்டினத்துக்குக் கூடுகள் வைக்கும் வழக்கம் உண்டு, வண்டு இல்லையென்றால் ஆள் வைத்துப் பூப்பூவாகத் தொட்டுவர வேண்டியிருக்கும் என்பதால்.

சாப்பாடு என்றால் தாட்பூட் பூ மட்டும் போதாது. அது தேனுக்கு. குஞ்சு வளர்க்க மகரந்தமும் வேண்டும், கொடி பூக்காத மாதங்களில் வேறு பூவும் வேண்டும். துவரை, சணப்பை, கிலுகிலுப்பை, அகத்தி, கத்தரி இவற்றில் எதையாவது வேலியோரம் வையுங்கள். சரக்கொன்றை பூக்கும் தெருவில் கருவண்டு தானாக இருக்கும். மூங்கில் கட்டி ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒன்றரை வருடம் வெறும் மூங்கிலாகத்தான் தொங்கியது. ஒரு மாசியில் கீழே மஞ்சளாக மரத்தூள் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் மூங்கில் வாயில் ஒரு கறுப்புப் பின்புறம் தெரிந்தது.

எங்க ஓட்டு வீட்டு உத்தரத்தைத் துளைக்குது. வீடு விழுந்துடுமே?

கரையான் மாதிரி மரத்தைத் தின்பதில்லை. காசை வைத்து வரைந்தது போல வட்டமாக ஒரு துளை, உள்ளே ஒரு குறுகிய பாதை. அந்தப் பாதையை அறை அறையாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் மகரந்த உருண்டை ஒன்றை வைத்து அதன்மேல் ஒரு முட்டை இடும். கனமான உத்தரத்தை ஒரு துளை ஒன்றும் செய்யாது. வருடக்கணக்கில் அதே கட்டையில் துளை சேர்ந்துகொண்டே போனால் பலம் குறையும். வெயிலும் மழையும் படும் மரத்துக்கு வார்னிஷோ பெயின்டோ அடித்துவிட்டு, பக்கத்தில் மேலே சொன்ன முருங்கைக் கட்டையைக் கட்டுங்கள். உள்ளே வண்டு இருக்கும்போது துளையைச் சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள்.

வண்டு வரும்வரை கையால் சேர்க்கலாமா? எப்போது, எப்படி?

தாராளமாக. நேரம்தான் முக்கியம். மஞ்சள் ரகப் பூ நண்பகலை ஒட்டி விரிந்து, இரவில் மூடும். ஊதா ரகம் விடியற்காலையில் விரிந்து நண்பகலில் மூடும். காலை ஏழு மணிக்குப் போய் மஞ்சள் பூ விரியவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் பலர். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான், மறுநாள் வாய்ப்பு கிடையாது.

பூ விரிந்தவுடன் சூல்முடிகள் மேல்நோக்கி நிற்கும். ஒரு மணி நேரத்தில் மெல்ல வளைந்து மகரந்தப்பை மட்டத்துக்கு இறங்கும். இறங்கிய பிறகு தொடுங்கள். இரண்டு மணி வாக்கில் போனால் சரியாக இருக்கும். ஒரு கொடியின் மகரந்தப்பையை விரலாலோ பஞ்சுக்குச்சியாலோ தொட்டு, மற்றொரு கொடியின் பூவில் மூன்று சூல்முடியிலும் பட்டும் படாமலும் தடவுங்கள். மூன்றையும் தொட வேண்டும். அடுத்த நாலைந்து நாளில் பூவுக்குள் பச்சை உருண்டை பருக்க ஆரம்பித்தால் காய் பிடித்துவிட்டது.

சொன்ன மாதிரியே தொட்டேன், இரண்டு கொடியும் வேற வேற விதை. அப்பவும் பாதி உதிருது.

மூன்று காரணம் பார்க்கலாம். ஒன்று மழை. மகரந்தத்தூள் நனைந்தால் வெடித்துவிடும். தொட்ட பிறகு இரண்டு மணி நேரமாவது மழை படாமல் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பூ இருந்தும் காய் குறைவது இதனால்தான், வண்டும் மழையில் வெளியே வராது.

இரண்டாவது, சூல்முடி வளையாத பூக்கள். எல்லாக் கொடியிலும் சில பூக்களில் சூல்முடி கடைசிவரை நிமிர்ந்தே நிற்கும். அந்தப் பூவில் எவ்வளவு தடவினாலும் காய் பிடிப்பது அரிது. மகரந்தம் கொடுக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். மூன்றாவது, கொடியே சில காயைத் தள்ளுவது. தண்ணீர் விட்டுவிட்டுப் பாய்ச்சினால் இது அதிகமாகும்.

காய் பெரிசா வந்தது, வெட்டினா உள்ளே பாதி காலி. ஏன்?

இந்தப் பழத்தில் நாம் சாப்பிடும் சாறு ஒவ்வொரு விதையையும் சுற்றி இருக்கும் சின்னப் பை. விதை உருவானால்தான் பை உருவாகும், விதை உருவாக ஆளுக்கொரு மகரந்தத்தூள் வேண்டும். வண்டு ஒரே ஒருமுறை வந்து போன பூவில் விதை குறைவு, சாறும் குறைவு. பலமுறை வந்த பூவின் பழம் கையில் எடுத்தாலே கனக்கும். கையால் தொடுகிறவர்கள் தாராளமாக மகரந்தம் வையுங்கள், வேற்றுக்கொடி இரண்டிலிருந்து எடுத்தால் இன்னும் நல்லது.

கொடி முழுக்க எறும்பு ஏறுது. எறும்பு மருந்து வைக்கவா?

வைக்க வேண்டாம். இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தில் இரண்டு சின்ன மொட்டுகள் மாதிரி இருக்கும், விரலால் தடவினால் தெரியும். அவை தேன் சுரக்கும் சுரப்பிகள். பூவில் இருக்கும் தேன் வண்டுக்கு, காம்பில் இருக்கும் தேன் எறும்புக்கு. அதற்குக் கூலியாக எறும்பு இலையில் முட்டையிட வரும் பூச்சிகளை விரட்டும். எறும்போடு வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால் மட்டும் கவனியுங்கள். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவினால் ஆரம்பத்திலேயே போய்விடும்.

முள்ளுமுள்ளா செம்பழுப்புப் புழு இலையை மொட்டை அடிக்குது. கொல்லலாமா?

அது ஒரு ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியின் புழு. சிறகில் கறுப்புப் புள்ளிகளோடு தாழ்வாக, அவசரமே இல்லாமல் பறக்குமே, அதுதான். பெரும்பாலும் இந்தக் குடும்பத்துக் கொடிகளில்தான் முட்டை வைக்கும். கூட்டமாகத் தின்பதால் பார்க்கப் பயமாக இருக்கும். வளர்ந்த கொடி இரண்டு வாரத்தில் மறுபடியும் தழைத்துவிடும். சின்ன நாற்று என்றால் புழுக்களை ஒரு குச்சியால் எடுத்துப் பெரிய கொடிக்கோ, வேலியில் கிடக்கும் சிறுபூனைக்காலிக்கோ மாற்றிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

வேலியில் கிடக்கும் சிறுபூனைக்காலியும் இதுவும் ஒன்றா? அந்தப் பழம் தின்னலாமா?

ஒரே குடும்பம், வேறு செடி. வலை போர்த்தியது போல இருக்கும் அதன் காயைச் சின்ன வயதில் பறித்துத் தின்னாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. மஞ்சளாகப் பழுத்ததைத் தின்னலாம், பச்சையாக வேண்டாம். அந்த வலையைத் தொட்டால் பிசுபிசுக்கும், சின்னப் பூச்சிகள் அதில் ஒட்டிச் செத்திருக்கும்.

ஆட்டுக்கு இந்த இலையைப் போடலாமா? காயை ஊறுகாய் போடலாமா?

இலையிலும் பிஞ்சுக்காயிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. கவாத்து செய்த தழையை ஆட்டுக்குப் போடாதீர்கள், உரக்குழியில் போடுங்கள். பச்சைக்காயையும் நான் சமைப்பதில்லை. பழுத்தால் பயமில்லை.

பூச்சி மருந்து அடிச்சே ஆகணும்னா எது, எப்போ?

எங்களுக்கு இரண்டாம் வருடம் மாவுப்பூச்சி நிறைய வந்தது. டவுனில் ஒரு மருந்துக் கடையில் கேட்டபோது, வேருக்கு ஊற்றும் மருந்து ஒன்றைக் கொடுத்து, ஊற்றினால் போதும் என்றார்கள். பூத்திருக்கும் கொடி என்று நான் சொன்னேன், பரவாயில்லை என்றார்கள். ஊற்றினேன். மாவுப்பூச்சி போனது. அந்த வாரமே பந்தலடியில் நான்கு கருவண்டு மல்லாந்து கிடந்தன. ஒன்று இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அந்த வருடம் அதற்குப் பிறகு எங்கள் பூவுக்கு வண்டே வரவில்லை.

அந்த மருந்து இமிடாகுளோபிரிட். வேரில் ஊற்றினாலும் செடி உறிஞ்சித் தண்டு, இலை என்று ஏற்றிப் பூவின் தேன்வரை கொண்டுபோகும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இதையும் இதே வகையைச் சேர்ந்த வேறு இரண்டையும் திறந்தவெளிப் பயிரில் பயன்படுத்தத் தடை செய்தது தேனீக்களுக்காகத்தான். பூக்கும் கொடிக்கு இது வேண்டவே வேண்டாம். கடையில் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கம் பெயரைப் படியுங்கள். தண்ணீர் பீய்ச்சுவதும் வேப்பெண்ணெய்க் கரைசலும் போதும். வேப்பெண்ணெயையும் பூவில் படாமல், மஞ்சள் ரகத்துக்கு அதிகாலையிலும், ஊதா ரகத்துக்குச் சாயங்காலத்திலும் அடியுங்கள். பூ மூடியிருக்கும் நேரம் எது என்பதை வைத்துத்தான் இந்தக் கணக்கு.

பழத்தை எப்போ பறிக்கணும்?

பறிக்கவே வேண்டாம். பூத்து அறுபது, எழுபது நாளில் நிறம் மாறித் தானாக விழும். தினமும் காலையில் பொறுக்கினால் போதும். தோல் சுருங்கிவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், சுருங்கினால் புளிப்புக் குறைந்திருக்கும். பந்தலுக்குக் கீழே வைக்கோல் பரப்பினால் அடிபடாது.

எப்போ கவாத்து செய்யணும்? எவ்வளவு வெட்டலாம்?

பெரிய காய்ப்பு முடிந்ததும், வெயில் உச்சத்துக்கு முன்போ ஆடியிலோ. பூ புதுக்கிளையில்தான் வரும் என்று முன்பே சொன்னேன், அதனால் காய்த்து முடித்த தொங்குகிளைகளை நாலைந்து கணு விட்டு வெட்டலாம். அடித்தண்டையும் இரண்டு கைகளையும் தொடாதீர்கள், பழைய மரத்திலிருந்து இது எளிதில் துளிர்க்காது. மலைப்பகுதியில் இருக்கிறவர்கள் கவாத்தை விடவே கூடாது. சோலைக்காட்டு ஓரத்தில் மரத்தின்மேல் ஏறிவிட்டால் இறக்க முடியாது.

மூன்று வருஷம் நல்லா இருந்தது, ஒரே வாரத்தில் வாடிச் செத்துப்போச்சு. என்ன நோய்?

அடித்தண்டைப் பாருங்கள். மண்ணைத் தொடும் இடம் கறுத்து, பட்டை உரிந்து வந்தால் வேரழுகலோ வாடல் நோயோ. தண்ணீர் தேங்கினால் வரும். காப்பாற்ற முடியாது. வேரோடு பிடுங்கிவிட்டு அதே குழியில் மறுபடி வைக்காதீர்கள். நோயே இல்லாவிட்டாலும் இந்தக் கொடிக்கு ஆயுசு நாலைந்து வருடம்தான். மூன்றாம் வருடமே அடுத்த நாற்றைத் தயார் செய்துவிடுங்கள்.

கொடி போயிடுச்சு. பந்தல் காலையும் பிடுங்கி விறகுக்குப் போட்டுடவா?

கல்லுக்காலோ இரும்போ என்றால் உங்கள் விருப்பம். மரக்கால் என்றால் முதலில் சுற்றிவந்து பாருங்கள். சுண்டுவிரல் நுழையும் அளவில் வட்டத் துளை இருந்து, கீழே மரத்தூளும் மஞ்சள் கறையும் தெரிந்தால் உள்ளே குடித்தனம் இருக்கிறது. அந்தக் காலை அப்படியே விடுங்கள். கட்டாயம் எடுக்க வேண்டுமென்றால், பொழுது சாய்ந்த பிறகு பெயர்த்து, துளை பழைய திசையையே பார்க்கும்படி பக்கத்திலேயே நட்டுவையுங்கள். புது நாற்றை அங்கிருந்து பத்தடி தள்ளிப் புதுக்குழியில் வைத்தால், எட்டு மாதம் கழித்து அது பூக்கும்போது வண்டு அங்கேயே இருக்கும்.